பதினேழு வெள்ளிக் கொம்புகள்

எனக்கு வியாபார மூளை உண்டு என்று நான் நம்பிய காலம் மொத்தம் ஒன்றரை நாள். (அதற்குமேல் வீட்டில் யாரும் நம்பவிடவில்லை.)

அப்போது தென்காசியில் கல்லூரிக் கடைசி வருடம். அண்ணன் சரவணன் லேப்டாப்பிலும் நான் போனிலுமாக ஒரே ஆன்லைன் கேம் ஆடுவோம். இருவருக்கும் பொதுவாக ஒரு பெட்டி. அதில் இரண்டு வருடம் வேட்டையாடிச் சேர்த்த எட்டு லட்சம் விளையாட்டு நாணயம். பத்து லட்சம் சேர்ந்தால் அந்த கேமின் ஏலச் சந்தையில் நெருப்புப் பருந்து வாங்கலாம். இரண்டு பேர் ஏறிப் பறக்கலாம்.

அண்ணனுக்கு துபாயில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பயணம். "பருந்துல ஒரு சுத்து சுத்திட்டுத்தாம்ட்டி பிளைட்டு ஏறுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் நண்பர்களோடு குற்றாலம் போய்விட்டான். அவன் வருவதற்குள் மீதி இரண்டு லட்சத்தைச் சம்பாதித்துவிட முடிவு செய்தேன்.

சந்தையில் வெள்ளிக் கொம்பு என்ற அபூர்வப் பொருள் பதினேழே பதினேழு இருந்தது. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்த அப்பா சாப்பிடும்போது அடிக்கடி சொல்வார்: "வரத்து இல்லேன்னா நாம சொல்லுததுதான் வெல." நான் பதினேழையும் வாங்கினேன். பெட்டி காலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் விலை போட்டேன். சாயங்காலம் வரை யாரும் வாங்கவில்லை. உடனே ஒன்றரை லட்சமாக ஏற்றினேன். (தைரியத்தைப் பாருங்கள்.)

மறுநாள் காலை சந்தையில் முந்நூறு கொம்பு கிடந்தது. விலை இருநூறு. அந்த வார இறுதி வெள்ளிமான் திருவிழாவாம். எந்த மானை அடித்தாலும் கொம்பு விழுமாம். ஒரு வாரமாக கேமைத் திறந்ததும் முதலில் வந்த அறிவிப்பு அதுதான். நான்தான் தினமும் படிக்காமல் மூடியிருக்கிறேன்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த முகத்தோடு அண்ணன் வந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுவேன். ஏசக் கூடாது."

"என்னட்டி, பருந்தை வாங்கிட்டியா?"

போனை நீட்டினேன். விஷயத்தைக் கேட்ட அப்பா, "சரக்கு லாரி எங்கன நிக்குன்னு விசாரிக்காமலா மொத்தத்தையும் புடிச்ச?" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருட உழைப்பு. அவனுக்கோ மறுநாள் பயணம். அண்ணன் போனை என் கையில் திருப்பித் தந்தான்.

"இத்தன கொம்ப வச்சுக்கிட்டு யாரைட்டி முட்டப் போற?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

அந்தக் கொம்பில் கிரீடம் செய்யலாம் என்று அவன்தான் கண்டுபிடித்தான். ஆளுக்கொன்று செய்தோம். ஞாயிறன்று கார் வாசலுக்கு வரும்வரை, எங்கள் இரண்டு பேரின் பாத்திரங்களும் கொம்போடு அந்த கேமின் நகரத்தைச் சுற்றின. மேலே யாருடைய பருந்தாவது பறந்தால், "குனிஞ்சுக்கோட்டி, கொம்பு தட்டிரும்" என்பான். அம்மா மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் லேப்டாப்பை மூடினான்.

அந்த கேமையே இப்போது நிறுத்திவிட்டார்கள். கதை மட்டும் நிற்கவில்லை. அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் என் மகளுக்கு அதைச் சொல்கிறான். நான் வெங்காயத்தை மொத்தமாக வாங்கினால் என் கணவர், "கொம்பா?" என்கிறார்.

போன மாதம் பள்ளியில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். 'என் அம்மா' என்று மகள் வரைந்த படத்தில் என் தலையில் இரண்டு பெரிய கொம்புகள்.

"வீட்டில் ரொம்பக் கோபப்படுவீங்களோ?" என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

ஏலச் சந்தையை அவருக்கு எங்கிருந்து விளக்குவது?

"ஆமா டீச்சர், குறைச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.