தம்பிக்கு எப்ப பிரேக்?

வேலை நிரந்தரமாகாத மனிதனுக்கு ஒரு வியாதி உண்டு. மேலதிகாரி எதைச் சொன்னாலும், அது காதில் விழுந்து மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் வாய் முந்திக்கொண்டு "சரிங்க சார்" என்று சொல்லிவிடும். எனக்கு அந்த வியாதி எவ்வளவு முற்றியிருந்தது என்பதை என் வீட்டு வாசலிலேயே, சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, நானே நிரூபித்துக் காட்டினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டெம்பரரியாக இருந்தேன். ஆறு மாதம் வேலை, அப்புறம் கொஞ்ச நாள் 'பிரேக்'. அதாவது, வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது போல மறுபடி கூப்பிடுவார்கள். (கூப்பிடாமலும் போகலாம். பிரேக் நாட்களில் செல்போனைக் குளியலறைக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போவேன்.) அந்த வருடம் சிலரைப் பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று கேன்டீனில் பேச்சு. லிஸ்ட் போடுகிறவர் எங்கள் ஹெச்.ஆர். சார். பிரேக்குக்கு அனுப்புகிறவரும் அவரேதான். தினமும் பெங்களூரிலிருந்து காரில் வந்து போவார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த லிஸ்டில் என் பேர் வருமா வராதா என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்களுக்குக் கதிர் பிறந்தான். மூத்தவள் கயலுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. ஆஸ்பத்திரியில் தம்பியின் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "பல்லே வைக்காம குடுத்துட்டாங்கப்பா" என்றாள். அதுதான் அவள் முதல் புகார். அன்றிலிருந்து எதுவுமே அவளுக்குப் பிடிக்கவில்லை. எப்போதோ விட்ட பால்பாட்டிலை மறுபடி கேட்டாள். தம்பியின் தூளியில் ஏறிப் படுத்துக்கொண்டு, ஆட்டு என்று என்னை விரட்டினாள். அவளாகவே சட்டைப் பொத்தானைப் போடக் கற்றுக்கொண்டதும் அந்த வாரம்தான். போட்டு முடித்த கையோடு தம்பியிடம் போய், "உனக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டுவிட்டு வந்தாள். தம்பிக்குத் தெரியவில்லைதான்.

"இவன் எப்ப அவங்க வீட்டுக்குப் போவான்?" என்று கேட்டு ஒருநாள் அழுது தீர்த்தாள். சமாதானம் சொல்ல ஆயிரம் வழி இருக்க, மெஷின் சத்தத்திலேயே கிடந்த என் மூளைக்குத் தோன்றியது ஒன்றுதான்.

"நீதான்டா செல்லம் பெர்மனென்ட். தம்பி சும்மா டெம்பரரி."

சட்டென்று அழுகை நின்றது. டெம்பரரி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். எத்தனை முறை நான் பிரேக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதானே! (என் வாழ்க்கையில் பிரேக்கைக் கொண்டாடிய ஒரே ஜீவன் அவள்தான்.) மறுநாளிலிருந்து, "தம்பிக்கு எப்ப பிரேக்?" என்று நச்சரிக்க ஆரம்பித்தாள். யார் அனுப்புவார்கள் என்று கேட்டாள். ஹெச்.ஆர். சார் என்றேன். எப்போது வருவார் என்றாள். வருவார், வருவார் என்று சொல்லித் தூங்கவைத்தேன். நான் நிம்மதியாக இருந்தேன். என் மனைவி தேன்மொழி மட்டும், "பச்சப்புள்ளைட்ட என்னத்தையாவது சொல்லி வைக்காதீங்க" என்று முணுமுணுத்தாள். நான் எங்கே கேட்டேன்?

கதிருக்குப் பேர் வைக்கும் விழா வந்தது. லிஸ்ட் வரும் நேரத்தில் வீட்டு விசேஷத்துக்கு அதிகாரியை அழைப்பது எங்கள் கம்பெனியில் வழிவழியாக வந்த பழக்கம். காக்கா பிடிப்பதுதான், வேறென்ன? அதற்காகவே விழாவைச் சாயங்காலத்தில் வைத்தேன். ஊர் திரும்பும் வழியில் ஐந்து நிமிடம் எட்டிப் பார்ப்பதாக ஹெச்.ஆர். சார் சொன்னதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கயலிடமும் சொல்லிவைத்தேன்: "நாளைக்கு ஹெச்.ஆர். சார் வர்றாரு. சமத்தா இருக்கணும்."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, அப்பா மேல் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று உருகினேன். அட மடையா!

விழாவன்று அவள் தங்கமான பிள்ளை. அழவில்லை, தூளியில் ஏறவில்லை. தம்பிக்குப் பவுடர்கூடப் போட்டுவிட்டாள். நான்தான் இருப்புக்கொள்ளாமல் தவித்தேன். வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். நாற்காலியைத் துடைத்தேன், திரும்பவும் துடைத்தேன். கேசரி ஆறிவிட்டதென்று சுடவைக்கச் சொன்னேன், சுட்டால் சாப்பிடமாட்டார் என்று ஆறவைக்கச் சொன்னேன். வீட்டு ஓனரம்மா சரோஜக்கா, தெலுங்குக்காரர், "ஏன் தம்பி இந்தப் பாடு படறே? வர்றது கலெக்டரா?" என்றார். கலெக்டர் வந்தால் எனக்கென்ன, அவரா லிஸ்ட் போடுகிறார்?

கார் வந்தது. சார் உட்கார்ந்தார். கேசரியில் ஒரு கரண்டி சாப்பிட்டார். "பரவாயில்லையே, நல்லா இருக்கு" என்றார். எனக்குப் பெர்மனென்ட் ஆர்டரே கைக்கு வந்தது போலிருந்தது. அப்போதுதான் கயல் உள்ளேயிருந்து எதையோ தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். என்னுடைய சாப்பாட்டுப் பை. அதற்குள் தம்பியின் சட்டைகள், பவுடர் டப்பா, கிரைப் வாட்டர்.

"நீங்கதான் எல்லாரையும் பிரேக்ல அனுப்புறவரா?"

சார் மெல்லக் கரண்டியை வைத்தார். "ஆமா பாப்பா. யார் சொன்னா?"

"அப்பா. தம்பி டெம்பரரி. அவனையும் அனுப்புங்க. வேலையே செய்யல. தூங்கிட்டே இருக்கான்."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. ஓசூர்ப் பாறை, எங்கே பிளக்கும்? தேன்மொழி என்னைப் பார்த்த பார்வைக்குப் பாறை பிளந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சார் எழுந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தேன்மொழி மடியிலிருந்த கதிரை இரண்டு கையாலும் பதமாகத் தூக்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, "இவனைக் கூட்டிட்டுப் போயிடறேன். என்னப்பா?" என்றார்.

நான் சொன்னேன்: "சரிங்க சார்."

அது மட்டுமா? சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். போதாதென்று முந்திப் போய்க் கார் கதவையும் திறந்துவிட்டேன். பெற்ற பிள்ளை, ஐயா! விளையாட்டுக்குத்தான் செய்கிறார் என்பதுகூட என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. சார் கோபமாக இருக்கிறாரா, இல்லையா, அதுதான் அப்போதும் என் கவலை.

காருக்குள் பையைத் தொப்பென்று வைத்தேன். அந்தச் சத்தத்தில்தான் கயலுக்கு உறைத்திருக்க வேண்டும். ஓடிவந்து சாரின் பேன்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். எங்களிடம் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம், சரோஜக்காவிடம் தெலுங்கு என்று வளர்ந்த பிள்ளை. சாருக்கு எது புரியுமோ என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

"வேணாம்! பேடா! வத்து! எங்க தம்பி!"

"டெம்பரரின்னு நீதானே சொன்னே?" என்றார் சார்.

"இல்ல. பெர்மனென்ட். நான் ஆக்கிட்டேன்."

சார் குனிந்து கதிரை அவள் கைக்கருகில் கொண்டுவந்தார். அவள் தம்பியின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடியே உள்ளே வரும்வரை விடவில்லை. அப்போதுதான் சார் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், நான் பார்த்தேன். நான் மட்டும் காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, எதற்கோ அவருக்கு ஒரு வணக்கம் வைத்தேன்.

அந்த வருட லிஸ்டில் என் பேர் இல்லை. அடுத்த மாதமே எனக்குப் பிரேக். கயல்தான் கைதட்டினாள். அதற்கடுத்த லிஸ்டில்தான் வந்தது. ஆர்டரைக் கையில் கொடுக்கும்போது சார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "உங்க வீட்டில முதல்ல உன் பையனுக்குத்தான் போட்டேன். சீனியாரிட்டில நீ ரெண்டாவது. ஞாபகம் வச்சுக்கோ." அதற்கும் நான் சரிங்க சார் என்றுதான் சொன்னேன்.

இன்றைக்குக் கதிர் என்னைவிட ஒரு முழம் உயரம். அக்காளும் தம்பியும் சண்டை போட்டால் கயல் சொல்வது ஒன்றே ஒன்று: "ஆர்டர் குடுத்தது நான்டா. கேன்சல் பண்ணிருவேன்." அது அவர்கள் பாடு. என் பாடு வேறு. நான் போனில் யாரிடமாவது "சரிங்க சார்" என்று சொன்னால் போதும், தேன்மொழி கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

"ஏங்க, பிள்ளைங்க ரெண்டும் வீட்லதான இருக்கு?"