பாதத்தில் வைத்த நோட்டீஸ்

நான் செய்த தப்புக்கு, என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மேல் பழி போட்டேன். தெரியாமல் அல்ல, நன்றாக யோசித்து, கோர்வையாக, நல்ல தமிழில் போட்டேன். அதனால் அவளுடைய கல்யாணமே நிற்கப் பார்த்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரப்போவதைப் படித்து நீங்கள் சிரிக்கக்கூடும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் குழப்பம் வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில், பாண்டிச்சேரியில் பி.ஏ. முடித்துவிட்டு மரக்காணத்துக்குத் திரும்பியிருந்தேன். வயது இருபத்தைந்து. அப்பாவுக்கு உப்பளம் இருந்தது. பட்டதாரி உப்பு வாருவதா என்று கொதித்தேன். (யாரும் வாரச் சொல்லவில்லை. பாத்திக்குப் பக்கத்தில் குடையோடு நின்று பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார்கள். அதற்கே கண் கூசுகிறது என்றேன்.) எனக்குள் ஒரு கலைஞன் இருந்தான். அவனை வெளியே எடுக்காமல் விட்டிருந்தால் ஊர் நன்றாக இருந்திருக்கும்.

சென்னையில் ஒரு பொருட்காட்சியில் ஒரு படம் பார்த்திருந்தேன். எட்ட நின்றால் யானை. கிட்டப் போனால் முழுக்கப் பொடி எழுத்து. எழுத்தாலேயே படம் செய்து சட்டம் போட்டு விற்றால் தமிழ்நாடே வாங்கும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அப்பாவை நச்சரித்து, காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்க வைத்தேன். திண்டிவனம் சாலையில், ஓர் உப்புக் கிடங்கின் பின்னால், தகரக்கூரை போட்ட ஓர் அறை. அதன்மேல் 'நவீன எழுத்தோவிய நிலையம்' என்று பலகை. பலகை அறையைவிடச் சற்று அகலம்.

'வீரம்' என்ற சொல்லால் ஒரு சிங்கம் செய்தேன். 'அழகு' என்ற சொல்லால் ஒரு மயில். சிங்கம் கடைசிவரை என்னோடுதான் இருந்தது. மயிலை ஒரு டீக்கடைக்காரர் வாங்கி மாட்டினார். ஒரு வாரம் கழித்து வழியில் நிறுத்தி, "கோழி நல்லா இருக்குதுப்பா, எல்லாரும் கேக்குறாங்க" என்று பாராட்டினார்.

நிலையத்தின் அடுப்பு எரிந்தது கல்யாணப் பத்திரிகையாலும் மருந்து நோட்டீசாலும்தான். அதையும் உண்மையில் எரித்தவள் ஸ்தெல்லா. எங்கள் உப்பளத்தில் வேலை செய்தவரின் மகள். பாண்டிச்சேரியில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கக் கற்றவள். என்னைவிட மூன்று வயது சிறியவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். படங்களில் என் வேலை பென்சிலால் உருவத்தின் ஓரத்தை வரைந்து கொடுப்பது. அதற்குள் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிக்கு வரி இடம் விட்டு அடுக்கி, உருவம் கொண்டுவருவது அவள் வேலை. படத்தின் அடியில் 'ஓவியர்' என்று இருக்கும் பெயர் என்னுடையது.

எங்கள் மாதா கோயில் திருவிழா வந்தது. பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, மாதா படம் ஒன்று எழுத்தாலேயே செய்ய முடியுமா என்றார். அருள் நிறைந்த மரியே செபத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கி, தலைமுக்காடு முதல் பாதம் வரை வரவேண்டும். இருநூறு படம். மந்திரித்து (தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பது), திருவிழா ஞாயிறன்று பூசை முடிந்ததும் வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். முடியும் சாமி, இதெல்லாம் எனக்குச் சாதாரணம் என்றேன். முகத்துக்கு மட்டும் பாண்டிச்சேரியில் ஒரு பிளாக், அதாவது படம் செதுக்கிய அச்சுக்கட்டை, செய்து வாங்கிக்கொண்டேன். மற்றதெல்லாம் செபம்.

ஈய எழுத்து ஒவ்வொன்றும் தனித்துண்டு. பெட்டியில் எத்தனை 'ம' இருக்கிறதோ அத்தனையைத்தான் அடுக்கலாம். அச்சடித்துப் பிரித்துப் போட்டால்தான் அவை திரும்பக் கிடைக்கும். இது எழுத்துக் கோக்கும் எல்லோருக்கும் தெரியும், ஓவியருக்குத் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம், மாதாவின் முழங்காலுக்குக் கீழே வந்தபோது 'ம' தீர்ந்துவிட்டது.

ஸ்தெல்லா பதறவில்லை. "மேல்பாதிய மட்டும் இப்ப அடிச்சிடலாம் அண்ணே. அப்புறம் எழுத்தப் பிரிச்சிக் கீழ்ப்பாதியக் கோத்து, அதே தாள்ல இன்னொரு தரம் ஓட்டிக்கலாம். சாமியார்கிட்ட ரெண்டு நாள் டைம் கேளுங்க" என்றாள்.

டைம் கேட்பதா? முடியும் என்று மார்தட்டிய வாயால்? நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் ஒரு மருந்து வியாபாரியின் நோட்டீஸ், நூல் கட்டி, கோத்தது கோத்தபடி இருந்தது. மாதாமாதம் அதே நோட்டீஸை அடிப்பார் என்பதால் அதைப் பிரிப்பதில்லை. அதே பொடி எழுத்து. அதை வரிவரியாக வெட்டிப் பாவாடையின் கரையிலும் பாதத்திலும் வைக்கச் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "இது சொறி சிரங்கு மருந்து நோட்டீஸ் அண்ணே."

"எட்ட நின்னு பாக்குற படம். யார் படிக்கப் போறாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்கன்னா எதுக்கு எழுத்துல பண்றோம்?"

இதற்குப் பி.ஏ.வில் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. எனவே, முதலாளி நானா நீயா என்று கேட்டேன். அவள் மறுபேச்சு பேசாமல் வைத்துக் கொடுத்தாள். நான் மிதித்து ஓட்டினேன். நீல மையில் படம் பிரமாதமாக வந்தது. இவ்வளவுக்கும் அந்தத் திருவிழா ஞாயிறு ஸ்தெல்லாவுக்கு முக்கியமான நாள். திண்டிவனத்து மாப்பிள்ளை ஒருவருக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். முதல் ஓலை அன்றைக்குத்தான் வாசிக்க வேண்டும். (எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதுதான் ஓலை.)

பூசையில் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. படங்கள் மந்திரிக்கப்பட்டன. தலை முதல் பாதம் வரை செபத்தாலேயே ஆன படம் என்று சாமியார் சொன்னார். நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். அந்த அடக்கத்துக்கு ஆயுசு பத்து நிமிடம்.

மாதா படத்தை வாங்கினால் எங்கள் ஜனம் என்ன செய்யும் என்று நான் ஒரு நொடி யோசித்திருக்க வேண்டும். நானே பிறந்தது முதல் அதைத்தான் செய்திருக்கிறேன். பாதத்தைத் தொட்டு முத்தி செய்வார்கள். (முத்தம்தான், கோயில் பேச்சு.) படம் முழுவதிலும் மூக்கு இடிக்கும் தூரத்தில் பார்க்கப்படுகிற ஒரே இடம் பாதம். அங்கேதான் நான் நோட்டீஸை வைத்திருந்தேன்.

முதலில் முத்தி செய்தவர் உபதேசியார். பூசைக்கு முன்னால் செபம் சொல்லிக்கொடுப்பவர். எதைப் படித்தாலும் வாய்விட்டு, ராகத்தோடு படிப்பவர். பஸ் டிக்கெட்டைக்கூட அப்படித்தான் படிப்பார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் தொடங்கினார்: "பித்தவெடிப்பு, சேற்றுப்புண், நாள்பட்ட சொறி, சிரங்கு, படை... இரவில் படுக்கும் முன் தடவவும்... உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது." பழக்கதோஷத்தில் நாலைந்து கிழவிகள் ஆமென் என்றார்கள்.

சாமியார் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். அவர் கத்தியிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆனால் மெதுவாக, "எப்படிப்பா நடந்தது?" என்றார். மெதுவாகக் கேட்டால் பொய் சொல்ல நிறைய நேரம் கிடைக்கிறது. சனிக்கிழமை நான் மை வாங்கப் பாண்டிச்சேரி போயிருந்தேன், கம்பாசிட்டர் பெண் அவசரத்தில் வைத்துவிட்டாள், நான் கவனிக்காமல் ஓட்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். மன்னித்தார். என்னை.

ஸ்தெல்லாவை ஊர் மன்னிக்கவில்லை. அவள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் பெண்கள் உட்காருவதை நிறுத்தினார்கள். அவள் அம்மா பூசைக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். செய்தி மூன்றாவது பஸ்ஸில் திண்டிவனம் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா கேட்டதாக வந்த கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "மாதா காலுக்கே சிரங்கு மருந்து வச்சவ, மாமியா காலுக்கு இன்னா வைப்பா?" மகன் இந்தப் பெண்தான் வேண்டும் என்று நின்றானாம். சரி, மூணாவது ஓலைக்கு நானே மரக்காணம் வந்து எழுந்து நின்னு தடை சொல்றேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை ஸ்தெல்லா வழக்கம்போல வேலைக்கு வந்தாள். மாதாவைப் பிரித்து எழுத்துகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டே, நிமிராமல் பேசினாள். "சாமியார் கேட்டாரு. நான் ஒன்னும் சொல்லல. சொன்னா எங்கப்பா உங்க பாத்தியில எறங்க முடியாது. நீங்களே சொல்லிடுங்க அண்ணே. மூணாவது ஓலைக்கு முன்னாடி." கடைசி எழுத்தையும் போட்டுவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்துப் போனாள்.

அந்த இரண்டு வாரத்தில் சாமியார் வீட்டுக்கு ஐந்து முறை உண்மை சொல்லப் போனேன். முதல் முறை மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இரண்டாம் முறை அவருடைய நாய்க்குட்டியைப் பற்றி. நான்காம் முறை அவர் வீட்டில் இல்லை. அன்றைக்கு மட்டும் கட்டாயம் சொல்லியிருப்பேன் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஐந்தாம் முறை ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுத் திரும்பினேன். இதற்குள் இரண்டாவது ஓலையும் முடிந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு. கோயில் நிரம்பி வழிந்தது. அத்தனை பக்தியும் அந்தத் திண்டிவனத்து அம்மாவைப் பார்க்கத்தான். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில், பச்சைப் பட்டில், பருத்த உடம்போடு அமர்ந்திருந்தார். இரண்டு வரிசை பின்னால் ஸ்தெல்லா, தனியாக. சாமியார் பெயர்களை வாசித்தார். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார். பச்சைப் பட்டு அம்மா இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். மூட்டுவலி போலிருக்கிறது, எழ நேரமானது. அந்த நேரத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

தைரியம் என்று நினைக்க வேண்டாம். என்ன செய்கிறோம் என்று கால்களுக்கே தெரியவில்லை. தடை சொல்வதென்றால் சாமியாரிடம் தனியாகச் சொல்வதுதான் முறை. பூசையில் எழுந்து நின்ற ஆளை எங்கள் கோயில் அதுவரை பார்த்ததில்லை. வயசுப் பையன், அவளுக்கு வேலை கொடுத்தவன், மூன்றாவது ஓலையில் எழுந்து நிற்கிறான். ஆயிரம் பேரும் ஒரே முடிவுக்கு வந்த சத்தம் கேட்டது. பக்கத்தில் அப்பா, "டேய், உனக்கு இன்னாடா அங்க?" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். பச்சைப் பட்டு அம்மா பாதி எழுந்த நிலையில் அப்படியே என்னைப் பார்த்தார். அவர் கொண்டுவந்த காரணத்தைவிடப் பெரிய காரணமாகத் தெரிந்திருப்பேன்.

அப்போதாவது நாலு வார்த்தையில் முடித்திருக்கலாம். "அன்பார்ந்த பங்கு மக்களே! மனித வாழ்க்கையில் உண்மை என்பது..." என்று ஆரம்பித்தேன். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கிய முன்னுரை. உண்மை எங்கெங்கே மறைந்திருக்கும் என்று நான் விவரிக்க விவரிக்க, கூட்டத்தின் சந்தேகம் உறுதியாகிக்கொண்டே போனது. ஸ்தெல்லாவின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்தெல்லாவின் குரல் வந்தது. "அண்ணே, சுருக்கமா சொல்லிட்டு உக்காருங்க."

அந்த 'அண்ணே'யைக் கேட்டதும் கோயில் முழுவதும் ஒரு மூச்சு விட்டது. எனக்கும் முன்னுரை மறந்துபோனது. "நோட்டீஸ வைக்கச் சொன்னது நான்தான் சாமி. இவ வேணாம்னா. நான் பாண்டிச்சேரி போகல" என்றேன். உட்கார்ந்தேன். அப்பா என் சட்டையை விட்டுவிட்டார். அதற்கு அவர் அறைந்திருக்கலாம்.

பச்சைப் பட்டு அம்மா முழுதாக எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, திரும்பி ஸ்தெல்லாவைப் பார்த்தார். "இத்தினி நாளும் தெரிஞ்சிகிட்டே நீ வாயத் தொறக்கலியா?" என்றார். இல்லை என்று அவள் தலையாட்டினாள். "இவ்ளோ பேசாம இருக்கிற மருமவ எனக்கு எங்க கெடைப்பா?" என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். (அந்த அம்மாவின் கணிப்பு எவ்வளவு தவறு என்பதை அடுத்த முப்பது வருடத்தில் ஸ்தெல்லா அவருக்கு விளக்கிச் சொன்னாள்.)

சாமியார் எனக்கு விதித்தது ஒன்றுதான். படத்தை மறுபடி செய்ய வேண்டும். முழுவதும் நானே கோக்க வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்க வேண்டும். பதினோரு நாள் ஆனது. ஸ்தெல்லா சொன்னபடியே, மேல்பாதி ஒரு தரம், கீழ்ப்பாதி ஒரு தரம். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனது. பிறகு படங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். யாரும் பழையதைத் திருப்பித் தரவில்லை. மந்திரித்த படத்தை எப்படிக் கொடுப்பது? புதியதையும் வாங்கிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா மட்டும் உள்ளே கூப்பிட்டு, கால் வெடிப்பைக் காட்டி, "அந்த மருந்து எங்கப்பா கெடைக்குது? படத்துல வெலாசம் பாதியில நிக்குது" என்றார்.

எழுத்தோவிய நிலையம் அந்த வருடமே மூடப்பட்டது. நான் திண்டிவனம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வாத்தியாரானேன். எனக்குப் பெண் கொடுக்க வந்த மாமனார் என் சம்பளத்தை விசாரிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையை மட்டும் பூதக்கண்ணாடியோடு கடைசி வரியிலிருந்து மேலே படித்தார். இன்றும் வீட்டில் நான் எதை எழுதி நீட்டினாலும், மளிகைச் சீட்டாக இருந்தாலும், "மொதல்ல கால்கிட்ட இன்னா இருக்குதுன்னு பாருங்க" என்பாள் என் மனைவி. பேரப்பிள்ளைகள் தலைகீழாகப் பிடித்துப் படிப்பார்கள்.

ஸ்தெல்லாவின் கல்யாணத்துக்கு அந்தப் புதிய படங்களில் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்டேன், இந்த முறை முன்னுரை இல்லாமல். அவள் பட்டுப்புடவையோடு, மாலையோடு, படத்தை வாங்கி முக்காட்டிலிருந்து வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். பின்னால் மொய் எழுத நின்ற வரிசை காத்திருந்தது. முழங்காலைத் தாண்டி, பாவாடைக் கரையைத் தாண்டி, பாதம் வரைக்கும் வந்தாள். பாதத்தில் விரல் நின்றது.

"இங்க ஒரு எழுத்து தலைகீழா நிக்குது அண்ணே."

போன வருடம் திண்டிவனத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அந்தப் படம்தான். வருகிறவர்களிடமெல்லாம் இது எங்க அண்ணன் கையால கோத்தது என்று சொல்லி, பாதத்தைக் காட்டுகிறாளாம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடத்தில் சரிசெய்து புதிதாக எடுத்துவிடலாம், என் பேரனிடம் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம் அண்ணே. அத வச்சிதான் நீங்களே கோத்ததுன்னு நம்புறாங்க" என்றாள்.