லாரி டாப்பில் ஒரு புகார் மனு

லாரிக் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் என்னைப் பற்றி ஆண்டவருக்குப் புகார் மனு எழுதுகிறார் என்று நான் மனதார நம்பினேன். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது: நாற்பத்தெட்டு.

நாமக்கல்லில் நான் சூப்பர்வைசராக இருக்கும் லாரி பாடி கட்டும் பட்டறையில் அவருக்கு 'டாப் பெயிண்டர்' என்று பெயர். உலகத்திலேயே லாரிக்குத் தலை அலங்காரம் செய்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். மற்ற பெயிண்டர்கள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து மயில் வரைவார்கள். இவர் அதையெல்லாம் முடித்துவிட்டு, ஏணி போட்டு ஏறி, காக்காய் தவிர யாரும் உட்காராத கேபின் டாப்பில் தாமரை வரைவார்.

"யாருங்க அதைப் பாக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"ஆண்டவரு எங்கிருந்து பாக்கறாருன்னு நெனச்சீங்க? டீக்கடையில இருந்துங்களா?"

ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சர்ச். மற்ற ஆறு நாளும் எங்களுக்குப் பிரசங்கம். எதையும் ஆண்டவர் இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பார். ஒருமுறை வெல்டரும் தச்சரும் டிரில்லிங் மிஷினுக்காக அடித்துக்கொண்டார்கள். இவர் இருவரையும் டாப்பில் ஏற்றிவிட்டு, "இப்பக் கீழ பாருங்க சாமி. சண்டை போட்ட எடம் எது, காட்டுங்க" என்றார். நடுமத்தியானம். தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்ததால் சமாதானம் மிக விரைவாக ஏற்பட்டது.

ஆயுத பூஜைக்குக் குரூப் போட்டோ எடுக்கச் சொன்னோம். டாப்பில் நின்று எடுத்தார். பதிமூன்று உச்சந்தலைகள் விழுந்திருந்தன. என் வழுக்கை நிலா மாதிரி நடுவில் இருந்தது. "ஆண்டவருக்கு நம்மளை இப்படித்தானுங்க தெரியும். அப்பப்ப அண்ணாந்து மூஞ்சியைக் காட்டோணும்."

இப்படிப்பட்டவர் வேலைக்குத்தான் நான் உலை வைத்தேன்.

மல்லசமுத்திரத்துக்காரர் ஒருவருக்குப் புது லாரி. முன்பலகையில் பிள்ளைகள் பெயர் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவருக்கு இரண்டு பெண்கள். இரண்டு பெயரையும் போனில் சொன்னார், நான் 'தாரணி' என்று ஒரு பெயரை மட்டும் குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். லாரியும் தாரணியை மட்டும் தாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் காலை லாரி திரும்பி வந்தது. இறங்கியவர் பட்டறையே அதிரக் கத்தினார். "எங்கூட்ல சின்னவ ரெண்டு நாளா சோறு திங்கலீங்க! யாழினி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுனா?"

முதலாளி என்னைப் பார்த்தார். என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "நான் ரெண்டு பேரையும் எழுதிக் குடுத்தனுங்க. பெயிண்டர்தான் உட்டுட்டாரு."

"இதைச் சரி பண்ணிக் குடுத்துட்டு நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி.

டாப் பெயிண்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரிங்க" என்றார். முன்பலகையில் யாழினியை எழுதினார். அரை மணி நேர வேலை, முடிந்தது. அப்புறம் எழுத்துப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு டாப்பில் ஏறினார். வெயிலுக்குத் தார்ப்பாயைக் கட்டி மறைத்துக்கொண்டார்.

தாமரைக்கு எதற்கு எழுத்துப் பிரஷ்?

என்னைப் பற்றி ஆண்டவருக்குப் புகார் மனுதான்! எங்கள் குலசாமியாக இருந்தால் ஒரு தேங்காய் உடைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இவருடைய ஆண்டவரிடம் எனக்குப் பழக்கமே கிடையாது. லாரியைச் சுற்றினேன். நாலு முறை. எட்டு முறை. பாத்ரூமுக்குப் போனேன், அங்கேயும் அண்ணாந்து பார்த்தேன். கடைசியில் ஏணியில் பாதி ஏறினேன்.

"என்னங்க எழுதறீங்க?"

"ஆண்டவரு பாக்கறதுக்குங்க" என்றது தார்ப்பாய்.

"என்னைப் பத்திங்களா?"

"உங்களைத்தான் அவரு தெனம் பாக்கறாருங்களே. எழுதி வேற காட்டோணுமா?"

ஏறிய படிகளில் நான் இறங்கவில்லை; விழுந்தேன். விழுந்த வேகத்தில் முதலாளி அறைக்கு ஓடி, மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். தப்பு என்னுடையது, பொய் என்னுடையது, அவரை அனுப்ப வேண்டாம்.

"அட கெரகமே! இதைக் காத்தாலயே சொல்றதுக்கென்ன?" முதலாளி வெளியே வந்து மேலே பார்த்துக் கத்தினார். "ஏனுங் பெயிண்டரே, நாளைக்கு வந்துருங்க!"

"வாரனுங்க!"

"நீ மல்லசமுத்திரம் போயி அந்தப் புள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்றார் என்னிடம்.

போவதற்குமுன் ஏணியில் ஏறித் தார்ப்பாயை விலக்கினேன். டாப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, முன்பலகையில் இருப்பதைப் போல மூன்று மடங்கு பெரிதாக, 'யாழினி' என்று இருந்தது. சுழிகளுக்கு மஞ்சள் நிழல்கூடக் கொடுத்திருந்தார்.

"ரெண்டு நாளா அழுதிருக்குதுங்களே புள்ள" என்றார்.

நான் அந்தத் தகரம் முழுக்கத் தேடினேன். என்னைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு குழந்தை அழுதது. அதன் பெயரை அவர் பெரிதாக எழுதினார். நான் கீழே வந்து, அவர் இறங்கி முடிக்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.