வெங்காய வியாபாரியின் காய்ந்த கண்

புத்தூர்.

அன்பின் மச்சான் குலவீரசிங்கம் அறிவது,

இங்கு நானும் உமது தங்கை உதயகலாவும் மகள் நிவேதனாவும் சுகம். கனடாக் குளிருக்குள் நீரும் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி விஷயம். போனில் சொன்னால் நீர் இடையில் கதைப்பீர். அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்தை உதயகலா போனில் படம் எடுத்து அனுப்புவா.

பெண் பார்க்க வந்த கரவெட்டிக்காரருக்கு முன்னால் நான் விக்கி விக்கி அழுதேன், எனக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை என்று யாரோ உமக்குச் சொல்லியிருக்கிறார்கள். மச்சான், நான் அழவில்லை. என்னுடைய கண் ஒழுகியது. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கண்ணிலும் கைவைத்துவிட்டதென்று கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கிருந்த டொக்டர், நிவேதனா வயதுப் பிள்ளை, கீழிமைக்குள் ஒரு கடதாசித் துண்டைச் செருகி, கொஞ்சம் பொறுத்து எடுத்து எவ்வளவு நனைந்ததென்று பார்த்துவிட்டு, "ஐயா, உங்கடை கண் காய்ஞ்சுபோச்சு" என்றா. "பிள்ளை, காத்துப் பட்டால் வாய்க்கால் மாதிரி ஓடுது, நீங்கள் காய்ஞ்சதெண்டுறியள்" என்றேன். "கண்ணீர் படை படையாய் இருக்கிறது ஐயா. மேலை எண்ணெய்ப் படை சரியில்லாட்டித் தண்ணி நிக்காது. காய்ஞ்சு எரிய, கண் பயந்துபோய்ச் சும்மா கொட்டும்." எனக்கு உடனே விளங்கிவிட்டது. தோல் கழன்ற வெங்காயமும் அப்படித்தான், ஒருபக்கம் சுருங்கும், மறுபக்கம் தண்ணி விடும். செயற்கைக் கண்ணீர் என்று ஒரு சின்னப் போத்தல் தந்தா. ஊரையெல்லாம் அழவைத்த வெங்காய வியாபாரி, கண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்தேன். நிவேதனாதான் நேரம் பார்த்துக் கண்ணில் விட்டுவிடுவாள். நானே விட்டால் அரைவாசி மூக்கில் விழும்.

வந்தவர்களுக்கு வேர்க்குமென்று உதயகலா பெரிய மின்விசிறியை எடுத்துவந்து வைத்தா, காற்று நேரே என் முகத்தில் அடித்தது. நிவேதனா தேத்தண்ணியோடு வர, கண் திறந்துகொண்டது. துடைக்கத் துடைக்க ஓடியது. மாப்பிள்ளையின் தாய் பத்மாவதி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணை, பிள்ளையைத் தர மனமில்லாட்டி இப்பவே சொல்லுங்கோ" என்றா. "இல்லைத் தங்கச்சி, என்ரை கண் காய்ஞ்சுபோச்சு" என்று கண்ணீர் நாடியிலிருந்து சொட்டச் சொட்டச் சொன்னால் ஆர் நம்புவது? கிணற்றடிக்குப் போய் அண்ணாந்து மருந்தை விட்டுக்கொண்டு நின்றேன். கைகழுவ வந்த மாப்பிள்ளையின் தகப்பன் கண்டுவிட்டார். "என்ன அண்ணை உது?" யோசியாமல் "செயற்கைக் கண்ணீர்" என்றேன். மனிசன் பின்னுக்குப் போய்விட்டார். "அப்ப உள்ளை அழுததும் உதாலையோ?"

போத்தலை வாசிக்கக் கொடுத்து, வெங்காயத் தோல் கதையும் சொன்ன பிறகு பாதி நம்பினார். "கனடாவிலை தாய்மாமன் இருக்கிறார்தானே, அவரைக் கேட்டுப்போட்டு முடிவு சொல்லுறம்" என்று போய்விட்டார்கள். மாப்பிள்ளை நிருஷன் நல்ல பெடியன். நிவேதனாவுக்கும் பிடித்துவிட்டது; போன் அடித்தால் அவள்தான் முதலில் ஓடுகிறாள். ஆனபடியால் மாப்பிள்ளையின் தகப்பன் உமக்குப் போன் எடுத்தால் ஒரு வசனம் மட்டும் சொல்லும்: "தியாகராசா அழுகிற ஆள் இல்லை, அது கண் வருத்தம்." அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். நீர் விளக்கப் போனால் காரியம் கெட்டுவிடும்.

மச்சாளுக்கு என் அன்பு, மருமக்களுக்கு ஆசி. பனியில் சறுக்காமல் நடவுங்கோ.

இப்படிக்கு,
உமது மச்சான்
தியாகராசா

பி.கு.: உதயகலா படம் எடுக்கமுன் இதையும் எழுதவேணும். இண்டைக்குக் காலமை திரும்பக் கிளினிக்குக்குப் போனன். டொக்டர் பிள்ளை கடதாசியைச் செருகிப்போட்டுச் சும்மா இராமல், "வீட்டிலை என்ன விசேசம் ஐயா?" எண்டு கேட்டா. "மகளுக்குச் சம்பந்தம் சரிவரும் போலை கிடக்கு. அவள் போனால் எனக்கு ஆர் மருந்து விடுறது?" எண்டன். மின்விசிறி ஓடேல்லை, ஒரு காத்துமில்லை. கடதாசி முழுக்க நனைஞ்சு அவவின்ரை கையிலையும் சொட்டிச்சுது. "ஐயா, இண்டைக்குச் சோதிக்கேலாது, கலியாணம் முடியட்டும் வாங்கோ" எண்டு அனுப்பிப்போட்டா. அதாலை மச்சான், மேலை எழுதின வசனத்தை விடும். கரவெட்டியார் கேட்டால், "ஓம், அவர் அழுதவர்தான், ஆனால் பிள்ளையைத் தருவார்" எண்டு சொல்லும்.