விவால்டியை நாங்கள் கௌரவித்த விதம்

அந்தோனியோ விவால்டி என்ற மாபெரும் இசைமேதை வெனிஸ் நகரத்தில் பிறந்தது ஒரு நிர்வாகத் தவறு. அவர் பிறந்திருக்க வேண்டிய இடம் கண்டி. அதிலும் பேராதனை வீதியில் எங்கள் மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்காவது. இதைக் ‘கண்டி மேலைச் செவ்விசை மேம்பாட்டு மன்றம்’ ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. ஆட்சேபித்தவர் எவருமில்லை. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர்.

தலைவர் தம்பிராஜா யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். எதையும் அளந்துதான் பேசுவார். அளவு ஐம்பது நிமிஷம். இரும்புக்கடை சாஹுல் ஹமீது உபதலைவர். அவரிடம் ஒரு கிராமபோன் இருந்தது, ஆகவே உபதலைவர். செயலாளர் அடியேன். வயலினை வாழ்நாளில் தொட்டவனல்ல. ஆனால் அதைப் பற்றி எத்தனை பக்கத்துக்கு வேண்டுமானாலும் அறிக்கை தருவேன்.

சென்ற வருஷம் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு பழைய பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டார்கள். தலைவர் அங்கேயிருந்து ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். உள்ளே ஆறு இசைத்தட்டுகள். விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’, ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பதுகளின் பதிவு. மனிதர் செத்து ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து வந்த தட்டுகள்.

“வறுமையில செத்த மனுசன் ஐசே” என்றார் தலைவர், கண் கலங்கி. “இருக்கேக்க ஒருத்தரும் கவனிக்கேல்லை. நாங்களெண்டாலும் கௌரவிக்க வேணும்.”

விழா எடுப்பதென்று முடிவாயிற்று. ‘குளிர்கால’த்தின் நடுப்பகுதி மட்டும் ஒலிக்கும். அது இரண்டு நிமிஷம். தலைவர் உரைக்கு இடைஞ்சலாகாது. கிராமபோன் திரைக்குப் பின்னால் வைக்கப்படும். ஏனென்றால் விவால்டி காலத்து வெனிஸில் வாசித்தவர்கள் மறைவில் நின்றுதான் வாசித்தார்கள் என்று தலைவர் எங்கோ படித்திருந்தார்.

அதே கூட்டத்தில் ஒரு கடிதமும் பரிசீலனைக்கு வந்தது. எழுதியவர் ஞானேஸ்வரி டீச்சர். கலஹா தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் ஆறு பெண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வயலின் கற்றுக்கொடுக்கிறார். வகுப்பு கெலிஓயாவில், ஒரு கோழிக்கடையின் மேல்மாடியில். மாத முடிவில் கடைக்காரர் மாடியைத் திரும்பக் கேட்கிறார். அடுத்த மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. மன்ற மண்டபத்தைச் சனிக்கிழமையில் இரண்டு மணித்தியாலம் தர முடியுமா? மண்டபம் வருஷத்தில் முந்நூற்று அறுபது நாள் பூட்டித்தான் கிடக்கிறது என்ற தேவையற்ற தகவலும் கடிதத்தில் இருந்தது.

“நல்ல விசயம்” என்றார் தலைவர். “ஆனா தரம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ?”

“ஒருக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டாத்தானே தரம் வெளங்கும்?” என்றார் சாஹுல் ஹமீது.

“கேட்டுப்போட்டு முடிவெடுத்தால் பக்கச்சார்பு வந்திடும்.”

இந்த நுட்பமான வாதத்தை அப்படியே குறிப்பெடுத்துக்கொண்டேன். விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது. இருப்பினும் மாணவியரை ஊக்குவிக்கும் முகமாக, விழாவில் அவர்களுக்கு ஒரு ‘பங்களிப்பு’ வழங்கப்பட்டது. வடைத் தட்டு ஏந்துவது.

விழா நாளும் சனிக்கிழமைதான். பிள்ளைகள் வகுப்பு முடிந்து, டீச்சரோடு, வயலின் பெட்டியும் கையுமாக, மழையில் பாதி நனைந்து வந்தார்கள். பெட்டிகளைத் திரைக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கிவிட்டுத் தட்டுகளைத் தூக்கினார்கள். சபையில் நாற்பது பேர். தகரக் கூரையில் மழை. தலைவர் விவால்டியின் பிறப்பிலிருந்து தொடங்கினார்.

“அவர் ஒரு பாதிரியார். மூச்சு முட்டுற வருத்தம் இருந்ததால பூசை வைக்கிறதை விட்டிட்டார். அநாதைப் பெண்பிள்ளையளுக்கு வயலின் படிப்பிச்சவர். அந்தப் பிள்ளையள் கம்பிக்குப் பின்னால நிண்டுதான் வாசிச்சவை. வந்த பெரிய மனுசருக்கு வாசிக்கிற ஆக்களின்ர முகமே தெரியாது. என்ன அநியாயம் பாருங்கோ!”

சபை உச்சுக்கொட்டியது. முன்வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டியபடியே, முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டி, அந்த ஆறு பிள்ளைகளில் ஒருத்தியான சுதர்சினி ஏந்தி நின்ற தட்டிலிருந்து இரண்டு வடை எடுத்துக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் நான் தேநீர்ப் பொறுப்பில் இருந்தேன். ‘குளிர்கால’த் தட்டை உறையிலிருந்து எடுத்து, மேசையில் தயாராக வைத்திருந்தேன். கொதிக்கும் கேத்தலை இறக்கிவைக்க அவசரமாக ஓர் இடம் தேவைப்பட்டது. மேசையில் கறுப்பாக, வட்டமாக, அதற்கென்றே செய்ததுபோல் ஒன்று இருந்தது.

கேத்தலைத் தூக்கியபோது தட்டும் கூடவே வந்தது. பிய்த்தெடுத்தேன். பொரித்த அப்பளம்போல் வளைந்து நின்றது.

“டீச்சர்” என்றேன். “குளிர்காலம் போச்சு.”

ஞானேஸ்வரி டீச்சர் கேத்தலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நடுவில மெதுவா வருமே, அந்தப் பகுதிதானே சார் போடறதா இருந்தீங்க? வீட்டுக்குள்ள ஆளுங்க நிம்மதியா அடுப்புல குளிர் காயுறாங்க, வெளியில மழை கொட்டுது. அந்த எடம். புள்ளைங்க பரீட்சைக்கு அதைத்தான் பழகுதுங்க.”

எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு செயலாளர் சந்தேகம் கேட்காமல் எதற்கும் சம்மதிக்கலாகாது. “வாசிச்சா, தட்டு மாதிரி இருக்குமா?”

“தட்டு மாதிரி இருக்காது சார். வயலின் மாதிரி இருக்கும்.”

டீச்சர் திரையோரமாகக் கைகாட்ட, ஆறு பேரும் உள்ளே வந்து, வடை எண்ணெயைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வயலினை எடுத்தார்கள். வெளியே தலைவர், “இனி அந்த மாபெரும் பதிவு!” என்றார். சுதர்சினி கண்ணை மூடிக்கொண்டு வில்லை வைத்தாள். மற்றவர்கள் விரலால் தந்தியைச் சுண்டினார்கள், துளித்துளியாக. கூரை மழைக்கும் அதற்கும் இடையே அந்த ஒற்றை வயலின் மட்டும் எதைப் பற்றியும் கவலைப்படாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த இரண்டு நிமிஷமும் நான் எந்தக் குறிப்பும் எடுக்கவில்லை. பதவியேற்ற பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“கேட்டியளோ!” என்றார் தலைவர், தழுதழுத்து. “அந்தக் காலத்து ஆக்களின்ர கையல்லோ! இப்பத்தைப் பிள்ளையளுக்கு உது சீவியத்துக்கும் வராது. பின்னால சரசரவெண்டு கேட்டுதே, அதுதான் பழைய தட்டின்ர அழகு!”

சரசரத்தது மழை.

“எங்கட வாப்பாட பாட்டுப் பொட்டி, சும்மாவா?” என்றார் சாஹுல் ஹமீது.

திரைக்குப் பின்னால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுதர்சினி மட்டும் சிரிக்காமல் என் கையைப் பார்த்தாள். திரைக் கயிறு என் கையில்தான் இருந்தது. ஓர் இழு இழுத்தால் போதும். இழுக்கத்தான் போனேன். அப்போது தலைவரின் குரல் வந்தது: “செயலாளர், அந்தப் பிள்ளையளிட்டத் தேத்தண்ணியைக் குடுத்தனுப்புங்கோ!”

கயிற்றை விட்டேன். தேநீர்த் தட்டுகளை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த புதன்கிழமை மன்றம் மீண்டும் கூடியது. தலைவர் விழா இசையைத் தமது கைத்தொலைபேசியில் பதிவுசெய்திருந்தார். மேசை நடுவில் வைத்து இரண்டு முறை போட்டுக் கேட்டோம். டீச்சரின் விண்ணப்பம் அதன் பிறகு எடுக்கப்பட்டது.

“உந்தத் தரத்துக்கு அந்தப் பிள்ளையள் வரட்டும், மண்டபத்தைத் தாராளமாக் குடுப்பம்” என்றார் தலைவர். “பதிவையும் அனுப்பிவிடுங்கோ. கேட்டுப் பழகட்டும். என்ன செயலாளர், ஏதும் சொல்லப் போறியளோ?”

வாயைத் திறந்தேன். சொல்வதென்றால் கேத்தலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

“ஒண்ணுமில்லைங்க சார்” என்றேன்.

கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். ‘இத்துடன் அனுப்பப்படும் பதிவில் காணப்படும் தரத்தைத் தங்கள் மாணவியர் எட்டியதும் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.’ சனிக்கிழமை கெலிஓயாவுக்கு நானே கொண்டுபோனேன். மேல்மாடியில் பாதிக்கு ஏற்கெனவே கோழித்தீன் மூட்டைகள் அடுக்கியிருந்தன. டீச்சர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு என் கைத்தொலைபேசியில் பதிவைப் போட்டார். கீழே கோழிகள் கத்த, ஆறு பிள்ளைகளும் தலையைக் குனிந்து தாங்கள் வாசித்ததைக் கடைசிவரை கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் சுதர்சினிதான் நிமிர்ந்தாள்.

“சார், ரெண்டாவது தடவை மேல போற எடத்துல என் வில்லு லேசா வழுக்கிருச்சு. கேட்டுச்சுல்ல? அதுனாலதான் வேணாங்கிறாங்களா?”

அந்த இடத்தை நான் கவனித்ததேயில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா, அதுதான்” என்றேன்.

எங்கள் மன்றம் எந்த விண்ணப்பத்தையும் காரணம் சொல்லாமல் நிராகரித்ததில்லை.