மனுவில் புகுந்த ஹுமாயூன்

கிரின்ஸ்டெட், டென்மார்க்
6.11.1988

பெருமதிப்புக்குரிய மாமா மாமாங்கம் அவர்களுக்கு,

மருமகன் குகநேசன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் குளிரோடு சுகம். மட்டக்களப்பில் நீங்களும் மாமியும் என் மனைவி றஜனியும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

றஜனியை இங்கே அழைக்க நான் போட்ட விண்ணப்பம் பதினெட்டு மாதமாக அசையவில்லை என்று எழுதியதற்கு, முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்த நீங்கள் பதினொரு பக்கத்தில் ஒரு மனு எழுதி அனுப்பினீர்கள். முகலாயச் சக்கரவர்த்தி ஹுமாயூன் நாட்டை இழந்து மனைவியோடு பாரசீகத்தில் அடைக்கலம் புகுந்ததையும், கைக்குழந்தை அக்பர் பகைவனான சித்தப்பனிடம் அகப்பட்டதையும், இரண்டே வருடத்தில் தகப்பனும் பிள்ளையும் ஒன்றுசேர்ந்ததையும் விவரித்து, அன்றைக்கு முடிந்தது மேன்மைதங்கிய தங்கள் அரசுக்கு முடியாதா என்று முடித்திருந்தீர்கள். படித்து அழுதேன். அழுத கையோடு அறைத்தோழன் அன்ரனியிடம் கொடுத்ததுதான் நான் விட்ட பிழை. ஆறு மாதம் டேனிஷ் படித்த அவன், நூற்றாண்டையும் அரச பட்டங்களையும் கடினம் என்று தவிர்த்துவிட்டு, மிச்சத்தை மொழிபெயர்த்து அனுப்பிவிட்டான்.

போன செவ்வாய் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அன்ரனியும் கூட வந்தான். அதிகாரி அம்மா கோப்பி தந்து மிக அன்பாகக் கதைத்தார். அக்பரின் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்றார். ஈரானில் ஏற்கனவே அடைக்கலம் கிடைத்த ஹுமாயூனை டென்மார்க் எதற்கு ஏற்கவேண்டும் என்றார். ஹுமாயூன் இறந்து நானூறு வருடத்துக்கு மேல் என்று விளங்கப்படுத்தினேன். அதையும் குறித்துக்கொண்டு, மரணச் சான்றிதழ் இருக்கிறதா என்றார். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டி ஏதோ கேட்டார். அன்ரனி தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

“ஹுமாயூன் மனுசியையும் கூட்டிக்கொண்டுதானே ஓடினவர், நீர் ஏன் தனிய வந்தனீர் எண்டு கேக்கிறா.”

கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன், மாமா. ஆகையால் கைகூப்பிக் கேட்கிறேன், இனி என் விடயத்தில் எந்த ராஜாவையும் இழுக்காதீர்கள். உங்கள் சரித்திரம் உங்களோடே இருக்கட்டும்.

மாமிக்கு என் வணக்கம். றஜனி பின்னேரங்களில் ஆமிக்காரர் நிற்கும் சந்திப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் பணிவுள்ள மருமகன்,
குகநேசன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் அன்ரனி தடுத்துவிட்டான். இந்தக் கட்டடத்தில் மட்டும் ஏழு பேர் மனைவியைக் கூப்பிட எழுதிப் போட்டுக் காத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒரு வரி பதில் இல்லை. எல்லாக் கோப்பும் அலுமாரியில் கிடக்க, மேசைக்கு வந்தது என்னுடையது ஒன்றுதானாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்து, ஏழு பேருக்கும் ஆளுக்கொரு சக்கரவர்த்தியை வைத்து உடனே மனு எழுதி அனுப்பவும். அவுரங்கசீப் வேண்டாம், தகப்பனை அடைத்து வைத்தவர். ஷாஜகானும் வேண்டாம். மனைவி செத்த பிறகு எவ்வளவு பெரிய மாளிகை கட்டி என்ன? எங்களுக்கு எங்கள் மனைவிமார் உயிரோடு வந்து சேரவேண்டும்.