பெயர் நீக்கப்பட்ட தாத்தாவின் ஐந்தாவது மனு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் தட்டுத்தடுமாறித் தட்டச்சு செய்துகொண்டது. இங்கு நான் நலம். ஒன்பது நாளுக்கு முன் ஆபரேஷன் ஆன என் இடது கண் என்னைவிட நலம். அங்கு நீங்களும் என் மகளும் என் பேத்தியும் நலமாகத்தான் இருப்பீர்கள். பார்த்து உறுதி செய்துகொள்ள எனக்கு அனுமதி இல்லை.

குழந்தையின் படங்கள் கண்டவர் போனிலும் சுற்றக்கூடாது, எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும், முப்பத்து நாலு வருஷம் ரெக்கார்டு ரூமைக் கட்டிக் காத்த மாமாவே அதற்கு ஓனராக இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை. யார் பார்க்கலாம், யார் கமெண்ட் எழுதலாம், யார் எடிட் செய்யலாம் என்று பட்டியல் போட்டு, ஒன்பது விதிகளும் எழுதினேன். ஆனால் எனக்கு இளகிய மனசு, அதுதான் வினை. உங்கள் அத்தையின் தம்பி, நாமெல்லாம் 'அவசரம்' என்று கூப்பிடும் அந்த மனிதர், "அத்தான், நான் என்ன வேத்து ஆளா, எனக்கு மட்டும் எடிட் குடுங்களேன்" என்று கண் கலங்கினார். கொடுத்தேன். மறுநாள் குழந்தையைக் காணோம். குடும்பமே இரண்டு நாள் தேடியது. கடைசியில் அவருடைய 'மோட்டார் ரிப்பேர்' ஃபோல்டருக்குள், வால்வுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் தொட்டிலில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். இடம் சரியாக இல்லையென்று சும்மா இழுத்துப் பார்த்தாராம்.

உங்கள் அத்தைக்குக் கமெண்ட் எழுதும் உரிமை கொடுத்திருந்தேன். நூற்று நாற்பத்தாறு கமெண்ட். "இடது காதை மூடுங்க, காத்து படுது." "இந்தச் சட்டை யார் எடுத்தது, கழுத்து இறுக்குது பாரு." உங்கள் தாயார் எடுத்துக் கொடுத்த சட்டை அது. சம்பந்தி மனசு நோகக்கூடாதே என்று உடனே அவளைப் பார்வையாளர் நிலைக்கு இறக்கினேன். "என் பேத்தியைப் பாக்க எனக்குப் பார்வையாளர் பாஸா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்குக் காப்பியை மேஜையில் வைத்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். விதி எண் நாலு, உறவினருக்கென்று தனிச் சலுகை கிடையாது என்று எடுத்துச் சொன்னேன். இப்போது நினைத்தால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஏனென்றால் மாப்பிள்ளை, எங்கள் ரெக்கார்டு ரூமில் ஒரு வழக்கம் உண்டு. லீவில் போகிறவர் சாவியைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, பதிவேட்டில் தன் பெயரைத் தானே அடித்துவிட்டுப் போக வேண்டும். ஊரில் இல்லாத ஆளின் பெயரைச் சொல்லி எவரும் கோப்பை எடுத்துவிடக்கூடாது பாருங்கள். நாம் திரும்பி வந்ததும் அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் நம் பெயரை மறுபடி எழுதுவார். முப்பத்து நாலு வருஷப் பழக்கம் விடுமா? ஆபரேஷனுக்குக் கிளம்பும் காலையில், டாக்ஸி வாசலில் நிற்க, உங்கள் அத்தையை ஓனராக்கிவிட்டு என் பெயரை நானே நீக்கினேன். "நல்லா யோசிச்சுத்தான் பண்றீங்களா?" என்றாள். "விதின்னா விதிதான்" என்றேன். மறுநாள் கண்ணில் மூடியோடு வீடு திரும்பி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். "திரும்பச் சேக்கணும்னு எந்த விதியில இருக்கு, காட்டுங்க" என்றாள். ஒன்பது விதியையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதிலும் இல்லை. எழுதின கையை என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை என் மகள் போன் செய்தாள். குழந்தை நாலடி நடந்துவிட்டாளாம். "வீடியோ ஃபோல்டர்ல போட்டிருக்கேன், பாத்தீங்களாப்பா?" ஓனராக இருந்தவன், எனக்கு அனுமதி இல்லையம்மா என்று எந்த வாயால் சொல்வேன்? "பாத்தேன்மா, பிரமாதம்" என்றேன். "கடைசியில எங்க போய் விழுந்தா பாத்தீங்களா?" "உன் மடியிலதாம்மா." "அவ சோபாவுல விழுந்தாப்பா. உங்களுக்குக் கண்ணு இன்னும் சரியாகலையா?" என்று அழாத குறையாகக் கேட்டாள். அந்த டாக்டரின் பெயரை வேறு நான் கெடுத்துவிட்டேன். இதையெல்லாம் உங்களிடம் போனில் சொல்லலாம் என்றால், உங்கள் அத்தை ஸ்பீக்கரில் போடாமல் பேசவே விடமாட்டாள். தினமும் சாயங்காலம் அவள் சமையலறையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் படக்கென்று மூடிவிடுகிறாள்.

உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். புதுக் கண்ணில் எல்லாம் தெரிகிறது. எதிர்வீட்டு மாடியில் காயும் துண்டின் கோடுகளை எண்ண முடிகிறது. உங்கள் அத்தையின் தலை இவ்வளவு நரைத்துவிட்டது என்று இப்போதுதான் தெரிந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பேத்தியின் முகம் எனக்கு இதுவரை தெரியாது. பிறந்ததிலிருந்து அவளைப் புகையாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்படியே என் மூக்கு என்று ஊரெல்லாம் சொன்னேனே, அது சும்மா சொன்னது. இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது கண் இருக்கிறது, ஃபோல்டர் பூட்டியிருக்கிறது. ஒரு படம், ஒரே ஒரு படம் போதும்.

இந்தக் கடிதத்தை மனுப்பெட்டி என்று நான் வைத்திருந்த ஃபோல்டரில் போடுகிறேன். பெயர் நீக்கப்பட்டவர் உட்பட எவரும் அதில் போடலாம், ஓனரைத் தவிர யாரும் படிக்க முடியாது, அது விதி எண் ஒன்பது. ஃபோல்டரை ஏற்படுத்திக் கொடுத்தவர் நீங்கள், ஆகவே ஓனர் என்றால் கடைசியில் நீங்கள்தானே. இதற்கு முன் நாலு மனு போட்டும் பதில் இல்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொள்கிறேன். உங்கள் அத்தைக்கு இது தெரியவே வேண்டாம்.

உங்கள் மூவருக்கும் என் மனப்பூர்வமான ஆசிகள். எந்தக் கதவும் உங்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

இப்படிக்கு,
கண் வந்தும் காட்சி கிடைக்காத
உங்கள் மாமனார்

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். இந்த மனுவை நான்தான் உங்களுக்கு அனுப்பி வைக்கறேன். பெட்டிக்கும் ஓனர் நான்தான், அது இவருக்கு இன்னும் உறைக்கல. சாயங்காலம் நான் சிரிச்சது இவர் போட்ட நாலு மனுவையும் படிச்சுத்தான். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல திரையைப் பாக்கக்கூடாது, பத்து நாள் இப்படி இருக்கணும்னு டாக்டர் சொன்னார். குழந்தையைத் திறந்து விட்டா இவர் பத்து நிமிஷத்துல எழுந்திருப்பாரா? அதான் பூட்டினேன். கிடைச்ச பத்து நிமிஷத்தையும் மனு எழுதியே தீர்க்கிறார். முகம் தெரியலன்னு எனக்கு அப்பவே தெரியும், படத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுத்தான் என் மூக்குன்னார். நடக்கிற வீடியோவை நானும் இன்னும் பாக்கல, இவரை விட்டுட்டு நான் மட்டும் பாக்க மனசு வரல. நாளையோட கெடு முடியுது. ஆனா இவர் பேரை எப்படித் திரும்பச் சேக்கறதுன்னு எனக்குத் தெரியல, இவரைக் கேட்டா மனு போடச் சொல்வார். காலையில போன் பண்ணிச் சொல்லிக் குடுங்க. பார்வையாளர்னு சேத்தாப் போதும். கமெண்ட் வேண்டாம், எல்லாப் படத்துக்குக் கீழயும் என் மூக்குன்னுதான் எழுதுவார்.